முப்பதாம் நாள் சாம்பிராணி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீட்டு வரிசையில் ஒரு பிள்ளை பிறந்தால் அதைக் குளிப்பாட்டுவது கருப்பம்மா. குளிப்பாட்டி முடிந்ததும் தலை ஈரம் போகச் சாம்பிராணிப் புகை காட்ட இன்னொரு கை வேண்டும். அது யாருடைய கையாகவும் இருக்கலாம், சிவசக்தியின் கையைத் தவிர. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் வெந்நீர் போடுவாள், துணி அலசுவாள், கரியை ஊதி ஊதிக் கனிய வைப்பாள். கனிந்ததும் கருப்பம்மா தூபக்காலை அவளிடமிருந்து வாங்கி வேறொருத்தியிடம் நீட்டுவாள். பதினாலு வருசமாக இதுதான் நடப்பு. மூன்று தடவை வயிற்றில் தங்கி மூன்று தடவையும் நாலு மாதம் தாண்டாமல் போனவளுக்குக் கரி ஊதும் வேலையைக் கொடுத்ததே பெரிய காரியம் என்று லயத்துக்கு நினைப்பு.

சிவசக்தி ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்த ஆள் கிடையாது. இந்த ஒரு விசயத்தில் மட்டும் அவளுக்கு நாக்கு எழும்பாது. ஒரே ஒரு பிள்ளைக்குத் தன் கையால் புகை காட்டிவிட வேண்டும் என்ற ஆசையை அவள் புருசனிடம்கூடச் சொன்னதில்லை.

புருசன் விஜேந்திரனுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதன். மூன்றாவதும் போய், பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அடுத்த வாரம், டவுனில் இத்ரூஸ் நானாவின் பறவைக் கடையிலிருந்து ஒரு கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ், பெட்டை பச்சை, சேவல் நீலம். கூட்டுக்குள் ஓட்டை போட்ட ஒரு மண்முட்டியும் தொங்கியது. "சும்மா கெடக்கட்டும்" என்றான். வாசல் திண்ணை இஸ்தோப்பில் ஆணி அடித்து மாட்டினான். அவளுக்கு அன்று அழுகை வந்தது.

எட்டு மாதம் அவை தினையைத் தின்று கத்திக்கொண்டே இருந்தன. மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் பெட்டை முட்டிக்குள் போய் உட்கார்ந்தது. நாலு முட்டை. பதினெட்டாம் நாள் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், போன் வெளிச்சத்தை முட்டிக்குள் அடித்துப் பார்த்தாள். சிவப்பாக, மயிர் இல்லாமல், கண் திறக்காமல், வயிறும் தலையுமாக ஒன்று கிடந்தது. பார்க்கச் சகிக்காத உருவம்தான். சிவசக்திக்கு மட்டும் உலகத்தில் அதைவிட அழகான ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பெரட்டுக்குப் பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மற்ற மூன்றும் பொரித்தன. அவித்த முட்டையை மசித்து வைத்தாள். அவை கொத்தக் கணவாய் ஓடு வாங்கித் தொங்கவிட்டாள். பனி இறங்குகிறது என்று கூட்டைத் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கொண்டுவந்தாள். குஞ்சுகளின் கழுத்துப் பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. கண் திறந்த நாள், முதல் இறகு முளைத்த நாள் எல்லாம் காலண்டரில் ஏறின. மூத்ததற்கு முப்பதாம் நாள் எது என்றும் எண்ணி வட்டம் போட்டுவைத்தாள். முப்பதில்தான் தீட்டுக் கழித்துப் பேர் வைப்பார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமையாக விழுந்தது.

அடுத்த காம்பரா சுபாஜினிக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். அவள்தான் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "பேரெல்லாம் யோசிச்சாச்சாக்கா?" என்று கிண்டலடித்தாள். யோசித்திருந்தாள், சொல்லத்தான் வெட்கம். கருப்பம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டு, கிறுக்கு முத்திப்போச்சு என்று சிரித்துக்கொண்டு போனாள். வட்டம் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விடாமல் பெய்தது. நாலு குஞ்சுகளும் முட்டிக்குள் ஒண்டிக்கொண்டு நடுங்குவதுபோல் சிவசக்திக்குப் பட்டது. பிள்ளைக்குக் குளிர் ஏறினால் என்ன செய்வார்கள் என்று அவளுக்கா தெரியாது? கரியை ஊதினாள். சாம்பிராணியைத் தாராளமாகத் தூவினாள். புகை சிதறாமல் இருக்கக் கூட்டின் மேல் கம்பளியைப் போர்த்தி, கதவையும் சாத்திக்கொண்டு, தூபக்காலைக் கூட்டுக்கு அடியில் பிடித்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ள அன்று யாரும் இல்லை. பதினாலு வருசம் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிவைத்தது, கை தானாகச் சுழன்றது.

ஒருக்களித்த ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டு நின்ற சுபாஜினிக்குச் சிரிப்பு போய்விட்டது. "அக்கா, எம் பிள்ளைக்கு நீங்கதான் பொகை காட்டணும். யாரு என்ன சொன்னாலும் சரி" என்றாள்.

சிவசக்தி இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டாள்.

கம்பளியை எடுத்தபோது பெட்டை கூட்டின் தரையில் கிடந்தது. சேவல் கம்பியைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. முட்டிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். சூடு இருந்தது. நாலும் சூடாகத்தான் இருந்தன. வாயால் ஊதினாள், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள், மழைக்குள் ஓடி இஸ்தோப்பில் காற்றுப் படும்படி வைத்தாள். ஒன்றுகூட அசையவில்லை. ஸ்டோரிலிருந்து வந்த விஜேந்திரன் வாழை மரத்தடியில் குழி தோண்டினான்.

ராசி கெட்ட கை என்று லயம் பேசிக்கொண்டது. அவளும் அதைத்தான் நம்பினாள். தனித்துப்போன சேவலை வீட்டில் வைத்துப் பார்க்கப் பொறுக்காமல் இத்ரூஸ் நானாவிடமே திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான், நடந்ததைக் கேட்டு அவர் தலையில் கைவைத்தார்.

"அடைச்ச வீட்டுக்குள்ள கரிப் பொகையா தங்கச்சி? இதுகளுக்கு நெஞ்சு எம்மாத்திரம்? பச்சப் புள்ளைக்கே அது கூடாதே."

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவளை விடவில்லை. கையில் குற்றம் இல்லை, புகையில்தான் குற்றம். ஆறுதலாக இருந்திருக்க வேண்டிய விசயம், பயமாக இருந்தது. வீட்டில் சொன்னாள். வெளியே வாய் திறக்காதே, நீயே கொன்னதா ஆயிடும் என்றான் விஜேந்திரன்.

சுபாஜினிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பெயரிடும் நாளில் புகை காட்டச் சிவசக்தியைத்தான் அவள் கூப்பிட்டாள். கருப்பம்மா முறைத்தாள், மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுபாஜினி அசையவில்லை. கொடுத்த வாக்குக்காக லயத்தையே பகைத்துக்கொள்ளத் துணிந்த பெண் அவள். மழைக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பத்துப் பெண்கள் மூச்சு விட இடமில்லாமல் நின்றார்கள். கருப்பம்மா தூபக்காலை முதல் தடவையாகச் சிவசக்தியிடம் நீட்டினாள். அவள் வாங்கினாள். பிள்ளை கொட்டாவி விட்டது. சின்ன வாய், உள்ளே சிவப்பு.

சிவசக்தி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்க் கரியைக் கானில் ஓடிய மழைத் தண்ணீரில் கொட்டினாள். புஸ்ஸென்று அணைந்தது.

"பொகை வேணாம் சுபா" என்றாள் திரும்பி வந்து. "எங் குஞ்சுங்க இதுலதான் செத்துச்சுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எந்த இடத்தில், எந்த நாளில் எந்தச் சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. சுபாஜினி முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடி, அவள் பார்வை படாமல் திரும்பிக்கொண்டாள்.

"போயிருங்கக்கா" என்றாள், அவ்வளவுதான்.

லயத்தில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் எட்டாது. சிவசக்தி தன் காம்பராவில் வந்து உட்கார்ந்தபோது அந்தப் பக்கம் யாரோ புதிதாகக் கரி ஊதும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சாம்பிராணி வாசம் சுவருக்கு மேலாக இறங்கி வந்தது. பிள்ளை ஒரு தடவை இருமியது. பிறகு சத்தமே இல்லை. மறுபடி அது அழத் தொடங்கும் வரைக்கும் அவள் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.