விண்ணப்பத்திலிருந்து ஸ்தோத்திரத்துக்கு

வேலைக்குச் சேர்ந்த அன்று

காஜா பெராங் லுத்தரன் சபைக்கு நான் கோயில்பிள்ளையாக வந்தது மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுச் சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம். மணி அடிப்பது, பெருக்குவது, பாட்டு எண் பலகையில் எண்களை மாட்டுவது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று வீடு வீடாக விசாரித்து ஞாயிறு காலை போதகரிடம் சொல்வது, இவைதான் கோயில்பிள்ளையின் வேலை. போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம்.

அதற்கு முன் தம்பினில் கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுத்தேன். மூவார் படகுத்துறையில் மூட்டை தூக்கினேன். சிரம்பானில் ஒரு ரொட்டிக்கடையில் அடுப்பு பார்த்தேன். எங்கும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. இங்கேயும் மழை நிற்கும்வரை இருக்கலாம் என்றுதான் வந்தேன்.

ஐயரம்மா ஞானசுந்தரி கோயிலுக்குப் பின்னால் இருந்த தமிழ் வகுப்பின் ஆசிரியை. என்னைச் சோதித்தது அவர்தான்.

"பசியாறியாச்சா தம்பி?"

"ஆச்சும்மா."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"மூணாவதுல பாதி."

"முன்பாதியா, பின்பாதியா?"

"முன்பாதிம்மா."

"அப்போ கூட்டல் வரும், பெருக்கல் வராது. பரவால்ல, மணி அடிக்க அது போதும்."

அவருக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்கினபடியே நிற்கும், வெயில் ஏறின பிறகுதான் கொஞ்சம் இளகும். முழங்கால் வீங்கும் நாட்களில் வீட்டிலிருந்து வகுப்புக்கு நாற்காலியோடு தூக்கிப் போவேன். இது போகிற நோய் இல்லை, இதோடுதான் இருக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஐயரம்மா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது, பழைய சைக்கிள் டியூபை வெட்டி, கரும்பலகையில் எழுதும் சாக்குக் கட்டியில் தடிமனாகச் சுற்றிக்கொண்டதைத்தான். ஒல்லியான சாக்கு அவர் பிடியில் நிற்காது, தடித்தது நிற்கும். பிள்ளைகள் அதற்கு 'யானைச் சாக்கு' என்று பேர் வைத்தார்கள்.

பழம் கொண்டுவந்தவர்கள்

ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளுக்கான விண்ணப்ப ஜெபம் உண்டு. ஐயர் ஒவ்வொரு பெயராகச் சொல்வார். கடைசியில் குரல் தழுதழுக்க, "பலவீனத்தில் இருக்கும் உமது அடியாள் ஞானசுந்தரியை" என்பார். குணமானவர் காணிக்கையோடு முன்னால் வந்து நின்றால்தான் அவர் பெயர் விண்ணப்பத்திலிருந்து நீங்கி, நன்றி சொல்லும் ஸ்தோத்திரத்துக்கு மாறும். அது சபையின் வழக்கம். போகாத நோய்க்காரர் என்ன செய்வார் என்று யாரும் யோசித்ததில்லை. ஆகவே மாதக்கணக்காக ஐயரம்மா பெயர் விண்ணப்பத்திலேயே இருந்தது.

கோயில் ஜன்னல்கள் ரோட்டைப் பார்த்தவை. ஐயருக்கோ பெரிய குரல்.

வகுப்பில் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். முதலில் அம்மை நோய் என்றோம், பிறகு மழை என்றோம். இப்படியே போனால் வருஷக் கடைசியில் வகுப்பை மூடிவிட வேண்டும் என்று பள்ளிக் கமிட்டி சொல்லிவிட்டது. அன்றுதான் ஐயரம்மா முகம் வாடி நான் பார்த்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த அன்றுகூட அவர் அப்படி இல்லை.

ஒரு சனிக்கிழமை புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பை ஆரஞ்சு. முன்னால் வந்த லெட்சுமி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் மகன் எங்கள் வகுப்பில் படித்தவன், கொஞ்ச நாளாக வரவில்லை. ஐயரம்மா வாசலில் நின்று மீன்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து மீன இன்னிக்குப் புடிச்ச மீனுன்னு சொல்றீங்களே, அதோட கண்ணப் பாருங்க, எனக்கு முன்னாடி அது தூங்கிருக்கு."

லெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். ஐயரம்மா திரும்பி, "என்ன லெட்சுமி, யாரு செத்தா?" என்றார்.

"டீச்சரம்மா, நீங்க... நடக்குறீங்க."

"முழங்கால் இன்னிக்குச் சொன்ன பேச்சுக் கேக்குது. ஏன்?"

"பாதிரியாரு வாராவாரம் உங்களுக்காக அழுது வேண்டுறாருன்னு ரோட்டுல போறவங்க எல்லாரும் சொல்றாங்கம்மா. இத்தன மாசம் சாமிகிட்ட கேட்டும் எந்திரிக்கலன்னா, இனி ரொம்ப நாள் இல்லன்னு நெனச்சோம். நடுவுல டீச்சர் இல்லாமப் போனா புள்ளைங்க படிப்புக் கெட்டுடும்னு வேற பள்ளிக்கூடத்துல போட்டுட்டோம். ஒருதரம் முகத்தப் பாத்துட்டுப் போலாம்னுதான்..."

ஐயரம்மா சிரித்த சிரிப்பில் கைத்தடி கீழே விழுந்தது. பழத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கோயிலுக்குள் நடந்த பேச்சு

அன்று மாலை கோயில் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐயரும் ஐயரம்மாவும் அங்கேயே பேசினார்கள்.

"இனிமே என் பேர விண்ணப்பத்துல சொல்லாதீங்க."

"சொல்லலன்னா நீ சுகமாயிட்டேன்னு ஜனங்க நெனப்பாங்க. அது பொய் ஆயிடும் சுந்தரி."

"சொல்றதால சாகப்போறேன்னு நெனக்கிறாங்களே, அது மட்டும் நெசமா?"

ஐயர் நல்லவர். ஆனால் முறை தவற மாட்டார். "ஜெபத்துல உன் பேர சும்மா எடுத்துட முடியாது. சபை மூப்பர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றார்.

"எடுக்க வேணாம். மாத்துறதுக்கு நான் வழி பண்றேன்" என்றார் ஐயரம்மா.

"தம்பி, அவங்க என்ன பண்ணப்போறாங்க?" என்று ஐயர் என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

வாத்து முட்டை

மறுநாள் ஸ்தோத்திரக் காணிக்கைக்கான பாட்டு தொடங்கியதும் ஐயரம்மா எழுந்தார். ஒரு கையில் தடி, மறு கையில் வாத்து முட்டைக் கூடை. நடக்க நேரமானது. பாட்டு முடிந்துவிட்டது, கடைசி அடியை மறுபடியும் பாடினோம், அதுவும் முடிந்துவிட்டது. ஆர்மோனியம் வாசித்தவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

மூப்பர் ஆசீர்வாதம் முன் வரிசையில் இருந்தார். கண்டிப்பான மனிதர். "அம்மா, இன்னும் சுகமாகலியே? காணிக்கை எதுக்கு?" என்றார்.

"சுகத்துக்கு இல்லீங்க மூப்பரே. போன வாரம் ஒருநாள் விடாம வகுப்பு எடுத்தேன். அதுக்கு."

"அப்படி ஒரு வழக்கம் இல்லீங்களே."

"நோவுக்கு முடிவு இல்லேன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அப்போ ஆண்டவருக்கு நான் நன்றியே சொல்லக் கூடாதுங்களா?"

மூப்பர் ஐயரைப் பார்த்தார். ஐயர் மனைவியைப் பார்த்தார். கூடையை வாங்கிப் பீடத்தருகே வைத்து, அதே பெரிய குரலில் ஸ்தோத்திரம் சொன்னார்: "வலியோடும் வகுப்பு நடத்திய உமது அடியாள் ஞானசுந்தரிக்காக." ஜன்னல் எல்லாம் திறந்தே இருந்தது.

திங்கட்கிழமை ஐயரம்மா என்னைப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சைக்கிளில் அனுப்பினார். "குணமாயிட்டேன்னு சொல்லிடாதீங்க. குணமாகல, ஆனா வகுப்பு உண்டுன்னு சொல்லுங்க."

உஜோங் பாசிர் வரை போனேன். ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி: "குணமாகாமயே எதுக்கு நன்றி?" நான் விளக்கவில்லை. நேரில் வந்து பாருங்கள் என்றேன். வந்து பார்த்தார்கள். யானைச் சாக்கைப் பார்த்தார்கள், சத்தம் போட்டுக் கணக்குச் சொல்லும் டீச்சரைப் பார்த்தார்கள். லெட்சுமி மகன் முதலில் திரும்பினான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வருஷக் கடைசியில் கமிட்டிக்காரர் வந்தபோது பெஞ்சில் இடமில்லாமல் இரண்டு பிள்ளைகள் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பை மூடும் பேச்சு அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு என் ஞாயிறு வேலைதான் மாறிப்போனது. நெடுநாள் நோயாளிகள் விண்ணப்பத்தில் பெயர் கொடுக்க மாட்டேன் என்றார்கள். இளைப்பு நோய்க்காரி பாக்கியம், கல்யாண வீட்டில் தான் சமைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள். ஒரு காலையில் மூப்பர் ஆசீர்வாதமே என்னை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, என் இடுப்புவலிய விண்ணப்பத்துல சொல்ல வேணாம். நேத்து ஏணியில ஏறி ஓடு மாத்துனேன். ஐயர்கிட்ட அதச் சொல்லிடுங்க."

நான் மழை நின்றும் போகவில்லை. பல வருஷம் இருந்தேன். ஐயரம்மா விரல்கள் இன்னும் கோணின, சில வாரங்கள் படுத்தே பாடம் சொன்னார், வகுப்பு நடந்தது. பிறகு என் வழக்கப்படி வேறு ஊர், வேறு வேலை என்று கிளம்பினேன்.

நோயாளிகள் இருக்கும் வீட்டில் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உள்ளே போனதும் 'எப்படி இருக்கீங்க' என்று தொடங்காதீர்கள். அதற்கு 'இருக்கேன்' என்று ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். 'இன்னிக்கு என்ன பண்ணினீங்க' என்று கேளுங்கள். உட்காரச் சொல்வார்கள்.