"வீட்ல இல்லையா?"

போன மாதம் ஒரு காலை. நெடுங்காட்டில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டி சத்தம். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸம்மா. இடுப்பில் எட்டு மாத மகள், சட்டை முழுக்க அவள் துப்பிய கஞ்சி... அந்தக் கோலத்தில் போய் நின்றேன்.

அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், வீட்ல இல்லையா?"

'வீட்ல' என்றால் நம் ஊரில் யார் என்று உங்களுக்குத் தெரியும். மனைவி காரைக்காலுக்கு, பேங்க் வேலைக்குப் போய்விட்டாள் என்றேன்.

"அப்ப அடுத்த மாசம் வர்றேன் சார். அம்மா இருந்தாத்தான் விவரமா சொல்ல முடியும்."

ஸ்கூட்டியைத் திருப்பினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வாரமாகப் பாலைத் தவிர எதுவும் மகளுக்குள் இறங்கவில்லை. கன்னம் வற்றிக்கொண்டே வருகிறது. பயந்துபோய்க் கிடக்கிறேன் நான்... அடுத்த மாதமா?

ஸ்கூட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"எனக்கு வீட்டுலயே எழுத்து வேலைங்க. பகல் முழுக்க இவளைப் பாத்துக்குறது நான்தான். பசிச்சா இவ தேடுறதும் என்னைத்தான். எங்கிட்ட சொல்லுங்க."

எதிர்வீட்டு அண்ணன், நடவு முடிந்து ஓய்வாக இருப்பவர், வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். "ஏன் தம்பி, பொம்பளைங்க சமாச்சாரத்துல..." என்று இழுத்தார்.

"சோறு ஊட்டுறதுல என்னண்ணே பொம்பளைங்க சமாச்சாரம்? நீங்க சாப்புடுறதில்லையா?"

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே இறங்கினார். எடை பார்த்தார். ஏறவே இல்லை. கிண்ணத்துக் கஞ்சியைச் சாய்த்துப் பார்த்தார்.

"மிக்ஸில இப்படித் தண்ணியா அடிக்காதீங்க சார். குழைஞ்ச சோத்தைப் பருப்போட கையால மசிங்க. அவ கையிலயும் கொஞ்சம் வைங்க. வேணாம்னா திணிக்காதீங்க."

அவ்வளவுதான் விவரம். இதைக் கேட்க ஆம்பளைக்குக் காது கிடையாதா என்ன? வீடு தேடி வருகிறார்கள் — நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடலாம். வந்தவர்கள் குழந்தை யார் இடுப்பில் இருக்கிறதோ அவரிடம் பேச வேண்டியதுதானே? மீசை இருந்தால் என்ன?

அன்று மதியம் மகளின் முகம், முடி, தரை எல்லாம் சோறு. கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போனது. நாளாக ஆகக் கன்னம் திரும்பியது.

நேற்று மறுபடி ஸ்கூட்டி சத்தம். சனிக்கிழமை, பேங்க் லீவு. கதவைத் திறந்தது மனைவி.

நர்ஸம்மா அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வீட்ல இல்லையாம்மா?"

மனைவி அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க... உங்களைத்தான் கேக்குறாங்க."