எங்கள் செங்கல்லில் ஒரு பிள்ளையார்

கொழுக்கட்டை எங்கள் அம்மாவுக்கு ஆகாது. பிள்ளையார் சதுர்த்தியன்று பக்கத்து வீட்டிலிருந்து வரும் தட்டைச் சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொள்வாள். கதவைச் சாத்தியதும், "விக்கிரகத்துக்குப் படைச்சது, நமக்கு வேண்டாம்" என்று எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்காவிடம் கொடுத்துவிடுவாள். கிழக்குத் தாம்பரத்தில் அப்படி ஒரு வேதக்கார வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெருமழைக்கு இரும்புலியூர் ஏரியோரக் குடிசைகள் எல்லாம் போய்விட்டன. அக்காவின் குடிசையும் போயிற்று. புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பெண்கள். மூன்று பேரும் ரயில் நிலையத்துக்கு வெளியே சாக்கைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். அப்போதுதான் எங்கள் காலனியின் கடைசியில் இருந்த புறம்போக்கில், வீடிழந்தவர்களுக்கு ஓட்டு வீடுகள் கட்டப்போவதாகச் சொல்லி அரசாங்க ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். அக்காவுக்கும் ஒன்று என்று பேச்சு. "கதவு வெச்ச வூடு பாப்பா" என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலனிப் பெரிய மனிதர்கள் எங்கள் வராந்தாவில் கூடினார்கள். "ஏழைங்களுக்கு நாம விரோதி இல்ல சார். ஆனா இங்க எதுக்கு?" என்றார் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர். "லொக்காலிட்டியே கெட்டுடும். பொம்பளப் பிள்ளைங்க நடமாட முடியாது" என்றார் இன்னொருவர். எந்தப் பெண் பிள்ளைகள்? தினமும் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தவள் நான். என்னை யாராவது கேட்டார்களா? அவர்கள் குடித்த காபி டம்ளரை அக்கா உள்ளே தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் கூசாமல் இப்படிப் பேசினார்கள்.

வழி சொன்னவர் அந்த ஊர் நிலக்காரர். "ஒரு பிள்ளையார வெச்சுடுவோம். அப்புறம் எந்த ஆபீசரும் அதுல கை வைக்க மாட்டான்." எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிணறு கட்டின செங்கல் மிச்சம் கிடக்கு, எடுத்துக்கோங்க" என்றார். அம்மா மறுபேச்சே பேசவில்லை. கொழுக்கட்டை ஆகாதாம், கோயில் மட்டும் ஆகுமாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளையார் வந்தார். அளந்தவர்கள் திரும்பி வரவில்லை. குடும்பங்களை எல்லாம் காட்டாங்குளத்தூருக்கும் அப்பால் எங்கோ லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்றார்கள்.

போவதற்கு முந்தின நாள் அக்கா அந்தப் பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, உங்க வீட்டைத் தடுக்கத்தான் இவரை இங்க வெச்சாங்க. எங்கப்பா குடுத்த செங்கல்லு" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"தெரியும் பாப்பா. அந்தக் கல்ல நான்தான சொமந்தாந்து போட்டேன். உங்கம்மாதான் எடுத்துனு போச் சொன்னாங்க. எதுக்குன்னு மேஸ்திரி அப்பாலதான் சொன்னான்."

"அப்புறம் எதுக்குக் கும்பிடறீங்க?"

"அவரு இன்னா பண்ணுவாரு? அவரைக் கேட்டுக்கினா குந்த வெச்சாங்க?" என்றாள். பிறகு பூட்டியிருந்த கோயில் கம்பிக் கதவைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். "சொம்மா சொல்லக் கூடாது, நல்ல கதவாத்தான் போட்டுகீறாங்க."