நான்காம் எண் காலி

மராக்கேஷ் பேரீச்சை ஆய்வு நிலையத்தில் இருந்தவர்கள் உயிரியலில் கரை கண்டவர்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் ஓடாது. கீழ்த்தளத்தில் ஒரே ஒரு பெரிய யந்திரம், மாடிக் கூடங்களில் கறுப்புத் திரைகள், இரண்டுக்கும் நடுவே கம்பி. நீளநீளமான கட்டளைகளைப் பிழையில்லாமல் தட்டினால்தான் யந்திரம் அசையும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் முறைக்கும். இவர்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், யந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த இத்தோ ஒரு பட்டியல் எழுதினாள்.

ஒன்று, மரபணு வரிசையைத் தட்டிச் சேர்க்க. இரண்டு, வெளிநாட்டுக் களஞ்சியங்களில் அதைப் போல உண்டா என்று தேட. மூன்று, சேர்த்ததெல்லாம் கிடக்கும் உங்கள் பெட்டியைக் காலி செய்ய. நான்கு, காந்த நாடாவில் ஏற்றிப் பத்திரப்படுத்த. எண்ணைத் தட்டினால் திரை 'உறுதியா?' என்று கேட்கும். ஆம் என்று தட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

ஒரு மாதத்தில் அத்தனை பேருக்கும் எண்கள் தலைகீழ்ப் பாடம். பட்டியலை யாரும் வாசிப்பதில்லை. விரல் தானாகப் போகும். பேச்சே மாறிப்போனது. "இன்னும் ரெண்டுலயே கிடக்கியா? நாலு போட்டுட்டு வாப்பா, டீ ஆறிப்போகுது" என்று நடைபாதையில் கூப்பிடுவார்கள். இத்தோவுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பெருமை பிடிபடாது.

லஹ்சன் தெற்கே ஸகோராவிலிருந்து வந்தவன். அவன் அப்பாவின் பேரீச்சை மரங்கள் பயூத் நோயில் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தன. தோட்டம் தோட்டமாக அலைந்து அந்த நோயைக் கொண்டுவரும் பூஞ்சையைச் சேகரித்து, அதன் மரபணு வரிசைகளை வருடக்கணக்காகத் தட்டிச் சேர்த்துவந்தான். வசந்தத்துக்குள் அவற்றை அனுப்பினால் வெளிநாட்டில், மோன்பெலியேவில், மேற்படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

யந்திரத்தில் சந்தேகம் என்ற சாக்கில் கீழ்த்தளத்துக்கு வருவான். கையில் காகிதப் பொட்டலத்தில் பேரீச்சம்பழம். எல்லாரையும் போல அவளை மரியாதையாக 'லல்லா' என்றுதான் கூப்பிடுவான்.

"நல்ல மரத்துப் பழம்தான், பயப்படாம தின்னுங்க லல்லா இத்தோ."

"தின்னுட்டு நானும் வெளுத்துட்டேன்னா?"

"அதுக்கென்ன, உங்களையும் ஆராய்ச்சி பண்ணிட்டாப் போச்சு."

நோன்பு தொடங்கிய வாரத்தில், கதவைப் பிடித்தபடியே சொன்னான்: "பெருநாள் முடிஞ்சதும் அம்மா உங்க வீட்டுக்கு வரணும்ங்கறாங்க. வரச் சொல்லவா?"

"வர்றவங்கள யாரு வேணாங்கிறா?" என்று தன் மேசைத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் இத்தோ. திரையில் ஒன்றுமே இல்லை. மனசு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் பட்டியலை இன்னும் நன்றாக்க நினைத்தாள். இரண்டு வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு வசதி வேண்டுமென்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை மூன்றாவதாகச் செருகினாள். காலி செய்வது நான்குக்கு இறங்கியது, நாடா ஐந்துக்கு. உள்ளே நுழைந்ததும் திரை முழுக்கத் தெரியும்படி அறிவிப்பும் போட்டாள்: எண்கள் மாறிவிட்டன, பார்த்துத் தட்டவும்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கினால் நிலையத்தில் நடப்பவரைப் பார்க்க முடியாது, ஓடுபவர்கள்தான். காலையிலிருந்து பட்டினி, வீட்டில் ஹரீரா கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். லஹ்சன் கடைசி வரிசையையும் சேர்த்துவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டே நான்கைத் தட்டினான். உறுதியா? ஆம். ஓடிவிட்டான்.

நிலையத்துக்கே ஒரே நாடா. யார் ஏற்றினாலும் எல்லார் பெட்டிகளும் சேர்ந்து, பழையதன் மேல் புதிதாக எழுதப்படும். மறுநாள் காலை முதலில் வந்த யாரோ ஒழுங்காகப் படித்து ஐந்தைத் தட்டினார்கள். லஹ்சனின் காலிப் பெட்டி காலியாகவே நாடாவில் ஏற, அதில் இருந்த அவன் பழைய பிரதியும் அழிந்தது.

நிலையத் தலைவர் ஸி தூஹாமி இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அறிவிப்பு போட்டீங்களா?"

"போட்டேன் ஸி தூஹாமி. திரை முழுக்க."

"நீ பாத்தியாப்பா?"

லஹ்சன் தரையைப் பார்த்தான். "பாத்த ஞாபகம் இல்ல."

அந்த மூன்று வார்த்தை போதுமானதாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற பட்டியலில் யாராவது கை வைப்பார்களா என்று தலைவர் கத்தினார். அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. லஹ்சனின் வேலையை அழித்தவள் என்று பெயரும் நிலைத்தது. அறிவிப்பு சரியாக வரவில்லை போலும் என்று இத்தோவே நம்பத் தொடங்கிவிட்டாள். தன் கைப் பிழை என்று எண்ணி எண்ணி அழுதாள்.

மறுபடி முதலிலிருந்து செய்ய அவகாசமில்லை. மோன்பெலியே இடம் வேறு யாருக்கோ போனது. பெருநாளைக்கு ஊருக்குப் போன லஹ்சன் திரும்பி வரவில்லை. அவன் அம்மாவும் வரவில்லை. என் முகத்தில் விழிக்கக்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை, அதுவும் நியாயம்தானே என்று இத்தோ நினைத்துக்கொண்டாள். பிறகு வந்த சம்பந்தங்களை ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தாள்.

காலி செய்வதைப் பட்டியலின் கடைசிக்குக் கொண்டுபோனாள். அவரவர் பெயரை முழுதாகத் தட்டினால்தான் அது இனி நடக்கும். நாடா ஐந்திலேயே இருந்தது. நான்கில் எதையும் வைக்கவில்லை. புதிதாக வரும் மாணவர்கள் கேட்பார்கள்: "மூணுக்கு அப்புறம் அஞ்சு வருதே லல்லா, நாலு எங்கே?"

"அது உடைஞ்சு போச்சு. உன் வேலையைப் பாரு."

பல வருடம் கழித்து ஒரு நாள், ஸகோரா பள்ளிப் பிள்ளைகள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். கூட்டி வந்த ஆசிரியருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. நடையைப் பார்த்தே இத்தோ தெரிந்துகொண்டாள். பிள்ளைகள் மாடிக்குப் போனதும் லஹ்சன் கீழ்த்தளத்துக்கு வந்தான். கையில் பொட்டலம் இல்லை.

பழைய திரையின் முன் உட்கார்ந்தான். விரல் தானாக நான்கைத் தட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. பட்டியலை அப்போதுதான் வாசித்தான்.

"இதை இப்படியேவா விட்டு வச்சிருக்கீங்க?"

"பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? உங்க வாழ்க்கையே அதுல போச்சே."

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "அறிவிப்பை நான் படிச்சேன் லல்லா. காலையிலயே படிச்சேன். சாயங்காலம் பசி. கை பழைய இடத்துக்கே போயிடுச்சு."

"ஸி தூஹாமி கேட்டப்போ..."

"வாய் வரலை. என் தப்புன்னு ஒத்துக்கிட்டா அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் உங்க முகத்துல முழிக்க முடியலை. அம்மா நாலு தடவை கிளம்பினாங்க. நான்தான் தடுத்தேன்."

இத்தோவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

மாடியிலிருந்து பிள்ளைகள் "ஸார், ஸார்" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனான்.

பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டபின் இத்தோ திரையின் முன் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐந்தை அப்படியே விட்டு, நான்குக்கு நேராகவும் மறுபடி எழுதினாள்: நாடாவில் ஏற்றிப் பத்திரப்படுத்த.

மறுநாள் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லார் விரலும் ஐந்துக்கே போனது.