ஆமென் சொல்வதற்குள்

மழைத்தண்ணீர் புகுந்த எங்கள் தாம்பரம் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் இன்று காலை பாசி வாசம் அடித்தது. நான் சிறுமியாக இருந்தபோது இதே இடத்தில் விரிந்து கிடந்த ஏரியின் வாசம். சனிக்கிழமைகளில் அப்பா இங்கேதான் தூண்டில் போடுவார். தக்கை முங்கியதும் இழுக்காமல், சாப்பாட்டுக்கு முன் செய்வதுபோலக் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்வார், ஆமென் சொல்லி முடிப்பதற்குள் மீன் புழுவைத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

"போச்சுப்பா" என்பேன்.

"அதுவும் சாப்பிட்டுச்சில்லம்மா. அதுக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணேன்" என்பார், வெறும் தூண்டில்முள்ளைத் தூக்கிப் பார்த்தபடி.

இன்று கார் டயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கெண்டை, எங்கிருந்து வந்ததோ, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பார்த்ததும் எனக்கும் கண் தானாக மூடிக்கொண்டது. ஆமென் சொல்லித் திறந்தபோது தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.