எம்.எல்.ஏ. கொண்டுவந்த மாலை

எங்கள் எம்.எல்.ஏ. கல்யாணத்துக்கு வராமல் இருந்தாலும் இருப்பார், சாவுக்கு வராமல் இருக்க மாட்டார். தேர்தலுக்குத் தேர்தல் அவர் ஜெயித்துவந்த சூட்சுமமே அதுதான் என்பார் பெரியப்பா. ஊருக்கு ஒரு கட்சிக்காரர் இருந்து, சாவு விழுந்ததும் அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். காரில் எப்போதும் ஒரு ரோஜா மாலை தயாராக இருக்கும். "எழவு வூட்ல ஓட்டு பொறுக்கற ஆளு" என்று திட்டிக்கொண்டே பெரியப்பா ஒவ்வொரு முறையும் எதிர்க்கட்சிக்குப் போடுவார், பெரியம்மாவையும் போடவைப்பார்.

நான் மூன்றாவது படிக்கும்போது பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடந்து எப்படியோ பிழைத்துவிட்டார். பஸ்ஸில் உட்கார முடியாது என்று ஆம்புலன்ஸில் கூட்டிவந்தார்கள். வினையே அதில்தான் வந்தது. எங்கள் இண்டூர்ப் பக்கம் ஆம்புலன்ஸ் ஆளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீக்கடையில் இருந்த கட்சிக்காரர் உடனே போனை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் கார் வந்து நின்றது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, மாலையும் கையுமாக எம்.எல்.ஏ. இறங்கினார். பெரியப்பா வாசலில் கட்டில்மேல் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எம்.எல்.ஏ. அப்படியே நின்றுவிட்டார்.

பழம் தின்று கொட்டை போட்டவர் அல்லவா, சமாளித்துவிட்டார். "பொழைச்சு வந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேங்கண்ணா, அதான் மாலையோட வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே பெரியப்பா கழுத்தில் போட்டார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். இத்தனை வருஷம் திட்டிய பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாலையையே பார்த்துக்கொண்டிருந்தவள், பெரியப்பாவின் காதருகே குனிந்தாள். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"கழட்டி அவருக்கே போடுங்க. இப்பவே போடுங்க."

அதுவும் ஒரு மரியாதைதானே என்று பெரியப்பா எழுந்து, மாலையைக் கழற்றி எம்.எல்.ஏ. கழுத்தில் போட்டார். மறுபடியும் கைதட்டினார்கள். எம்.எல்.ஏ.வின் சிரிப்பு நின்றுபோனது. அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மாலையைக் கழற்றாமலே, 'வர்றேன்' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவர் காரில் ஏறிப் போனார்.

அந்த வாரமே, பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் எம்.எல்.ஏ. இறந்துபோனார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் வீடுவரை ஓட்டிவந்தாராம்.

பெரியப்பா சட்டையை மாட்டினார். "நம்ம ஊரு சாவுக்கெல்லாம் வந்த மனுசன். ஒரு மாலை வாங்கிப் போட்டுட்டு வந்துர்றேன்."

பெரியம்மா வழியை மறித்து நின்றாள். "நீங்க போவாதீங்க. மாலை மட்டும் வேண்டாங்க" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒருதரம்கூட ஓட்டுப் போடாத மனிதருக்காக இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளுக்குள் அவ்வளவு பாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவமாகவும் இருந்தது. கிட்டே போய்த் தேற்றினேன்.

"அழுவாதீங்க பெரிம்மா. புதுசா வர்ற எம்மெல்லேவும் நம்ம வூட்டுக்கு மாலை எடுத்துட்டு வருவாரு."

பெரியம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது.