விசில் என் கழுத்தில் இருந்த ஆறு வாரங்கள்

என் கணவர் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. சார். சூரமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளி மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். கல்யாணமான மறுவாரமே காலை ஐந்து மணிக்கு எழுந்து கிளம்பிப் போனார். அதன்பின் இருபத்திமூன்று வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். பகலில் நடத்தும் விளையாட்டு வகுப்புக்குத்தான் அவருக்குச் சம்பளம். விடிவதற்கு முன்னால் வந்து பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுங்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

நான் ரயில்வே ஆபீஸில் எழுத்தர். ஓட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது என்னிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்பதுதான். மகளுக்குக் காது குத்திய அன்று அவர் ஆத்தூரில் இருந்தார். அங்கே யாரோ ஒரு பிள்ளைக்கு நானூறு மீட்டர் இறுதிப் போட்டி. என் அப்பா அம்மாப்பேட்டையில் மயங்கி விழுந்த காலையில் நானே ஆட்டோ பிடித்து ஓடினேன். என் கணவர் போனை எடுக்கவில்லை; பையில் வைத்துவிட்டு மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சண்டை போட்டிருக்கிறேன், பேசாமலும் இருந்திருக்கிறேன். ஆனாலும் தினமும் காலையில் அவர் கொண்டுபோகும் முட்டைகளை நான்தான் வேகவைத்துக் கொடுத்தேன்.

போன வருடம் மழை தொடங்கும் நேரத்தில், ஒரு நாய் குறுக்கே ஓடி வண்டியோடு விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். மாவட்டப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

மயக்கம் தெளிந்ததும் அவர் பேசிய முதல் பேச்சு காலைப் பற்றியதல்ல.

"நாளைக்கு அஞ்சரைக்குப் பிள்ளைங்க வந்து நிப்பாங்க அம்மணி. யாருமே இல்லீன்னா என்ன பண்ணுவாங்க?"

"ஊட்டுக்குப் போவாங்க," என்றேன்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் டாக்டரிடம், நாற்காலியில் உட்கார்ந்தபடி மைதானத்தில் இருக்கலாமா என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் உண்மையாகவே கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் இன்னொரு பி.டி. ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்தது. மூன்றாம் நாள், இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தவரைப் பார்க்கச் சகிக்காமல், "நான் போறேனுங்க. விசில் ஊதறதுதானே?" என்று சொல்லிவிட்டேன்.

"விசில் ஊதறது மட்டும் இல்லீங்க அம்மணி," என்றார். ஆனால் இட்லியைச் சாப்பிட்டார்.

முதல் நாள் காலை, சேலைமேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மகள் விட்டுச்சென்ற கேன்வாஸ் ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு போனேன். பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒன்பது பெண்கள், ஐந்து பையன்கள். "சாருக்கு இப்ப எப்படிங்க ஆன்ட்டி இருக்குது?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவரைத் திரையில் காட்டுவதற்காக வீடியோ காலில் கூப்பிட்டேன். பிள்ளைகள் ஓட ஆரம்பித்ததும் போனிலிருந்து சத்தம் வந்தது: "வானத்தைக் காட்டாதே, காலைக் காட்டு! உன் காலை இல்ல, ஓடறவங்க காலை!" பையன்கள் இருவர் ஓடமுடியாமல் நின்று சிரித்தார்கள். ஸ்டாப்வாட்சில் தப்பான பொத்தானை அழுத்தி எல்லோருடைய நேரத்தையும் அழித்துவிட்டேன். பெண்களில் ஒருத்தி வந்து, "இதை அமுக்கக் கூடாதுங்க, இதைத்தாங்க," என்று என் கட்டைவிரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

பதினோராம் வகுப்பு படிக்கும் பெண் அவள். மாவட்டப் போட்டிக்கு முன்னால் நடக்கும் குறுவட்டப் போட்டியில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதலிடம் வந்திருந்தாள். அந்த வருடம் அவர் நம்பியிருந்தது அவளைத்தான்.

இரண்டாம் நாளிலிருந்து அவருடைய நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். நேரங்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள்: "தோளை இறுக்குகிறான்." "கடைசி முந்நூறில் பயப்படுகிறாள், திட்டக் கூடாது." "காலையில் சாப்பிடாமல் வருகிறான். இரண்டு முட்டை." ஓடி முடித்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது நான் நின்றபடியே படிப்பேன். வீட்டில் உப்பு தீர்ந்ததைக்கூட கவனிக்காத மனிதர், ஒரு பையன் இடது காலை அரை அங்குலம் வெளியே தள்ளி வைப்பதைக் கவனித்திருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்துக்கு வந்தேன். நேரமெல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் நடுவில் மூன்று நாள், நான்கு நாள் சேர்ந்தாற்போல் "வரவில்லை." மறுபடியும் ஒரு மாதம் கழித்து "வரவில்லை." அதன் கீழே சிவப்பு மையில்: "சொல்லிப் பார்த்தாயிற்று. அக்கறை போதாது."

ஒரு பெண்ணுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும். அடுத்த வாரம் அவள் வரவில்லை. இரண்டாம் நாளும் வராதபோது, ஆபீஸ் முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் அவளுடைய அம்மா வெள்ளிக் கொலுசுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருந்த அந்தப் பெண், என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள்.

"ரொம்ப வலியா சாமி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க ஆன்ட்டி."

அம்மாதான் சொன்னார். "வலியெல்லாம் தாங்கிக்குவாளுங்க. அங்க போறதுக்கு எடமில்லீங்களே. பள்ளிக்கூடத்து பாத்ரூமை ஒம்பது மணிக்குத்தான் தொறக்கறாங்க. அதுவரைக்கும் இவ என்ன பண்ணுவா, சொல்லுங்க?"

"சார்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அந்தப் பெண் என்னை வியப்பாகப் பார்த்தாள். "சார்கிட்ட எப்படிங்க சொல்றது?"

"அப்ப மத்த நாள்ல?"

"தண்ணி குடிக்க மாட்டோமுங்க. பொண்ணுங்க யாருமே குடிக்க மாட்டோம். எந்திரிச்சதிலிருந்து ஒண்ணுமே குடிக்காம வந்துடுவோம்." ஏதோ பாடத்தில் உள்ளதை ஒப்பிப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். பையன்கள் மதில் சுவருக்குப் பின்னால் போய்வருவார்கள். இவர்கள் ஒன்பது பேரும் தொண்டை வறள ஓடிவிட்டு, அப்படியே வகுப்பு தொடங்கும்வரை இருந்திருக்கிறார்கள்.

திரும்பி நடக்கும்போது எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். வீட்டை நெருங்க நெருங்க அது என் பக்கமும் திரும்பியது. இருபத்திமூன்று வருடம் முட்டை வேகவைத்துக் கொடுத்தவள் நான். அங்கே பெண் பிள்ளைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டேனா?

அவர் தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருந்தார். "ஏன் வரலையாம்?" என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொல்ற மாதிரி நீங்க இருந்தீங்களா?"

பரணில் இருக்கும் பழைய நோட்டுகளை எடுத்துத் தரச் சொன்னார். ஸ்டூல் போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தேன். தூசியைத் துடைக்கக்கூட விடாமல் வாங்கிப் பிரித்தார். அன்று மாலை முழுவதும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இவளும்தான்," என்பார். இன்னும் சில பக்கம் தள்ளி, "இவளும்." ஒரு பக்கத்தில் நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். எண்ணூறு மீட்டர் ஓடிய பெண். பல வருடத்துக்கு முந்தையது.

"இவளை நானே இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டேன் அம்மணி. மாசாமாசம் மட்டம் போடறான்னு. எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

அந்த இருபத்திமூன்று வருடத்தைப் பற்றிக் கேட்க எத்தனையோ கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கால் சரியாகட்டும், கேட்டுவிட வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபின் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போனில் பேசினார். விஷயத்துக்கு வராமலேயே வைத்துவிட்டார். நானே நேரில் போய், பாத்ரூம் சாவியைக் கேட்டேன். "சாவி தொலஞ்சா நான்தானம்மா பதில் சொல்லணும்," என்று தலைமையாசிரியர் தயங்கினார். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, காலை ஐந்து மணிக்கே மோட்டார் போடவும் சொல்லிவிட்டார். மொத்தத்தில் பத்து நிமிட வேலை. இத்தனை வருடம் அதை யாரும் செய்யவில்லை.

பாத்ரூம் கதவு திறந்திருப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். இரண்டாவது சுற்று முடிந்து நின்றபோது ஒரு பெண் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். பிறகு மற்றவர்களும் குடித்தார்கள். மூன்றாம் நாள் அந்தப் பதினோராம் வகுப்புப் பெண் வந்துவிட்டாள்.

வீடியோ காலில் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் ஒரேயடியாக அடம்பிடித்தார். "அந்தப் பிள்ளை அதோட பயிற்சிக்கே வராது," என்று தடுத்தேன். கடைசியில் எல்லோரையும் கூட்டி நிறுத்தச் சொல்லி, போனிலேயே சொன்னார்: "சாமி, இனிமே யாராவது வர முடியலீன்னா ஏன் எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்." அதற்குள் யாரோ நோட்டைத் தெரியாமல் மிதித்துவிட, அதைத் தொட்டுக் கும்பிட்ட சலசலப்பில் பாதிப் பேர் அவர் சொன்னதைக் கேட்கவே இல்லை.

மாவட்டப் போட்டிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். வெயில் ஏறிய பிறகுதான் ஆயிரத்து ஐந்நூறை விட்டார்கள். கடைசிச் சுற்றுவரை எங்கள் பெண்தான் முன்னால். "இழு சாமி, இழு!" என்று கத்தியது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை, அவர் கத்தும் கத்தல் அது. கடைசி வளைவில் இன்னொரு பெண் வெளிப்பக்கமாக வந்து ஓரடியில் முந்திவிட்டாள். முதலிடம் வந்தவர்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும்.

அவரைக் கூப்பிட்டேன். "டைம் சொல்லு," என்றார். சொன்னேன். நோட்டில் உள்ள அவளுடைய எந்த நேரத்தைவிடவும் அது குறைவு. "அழறாளா?"

"இல்லீங்க. தண்ணி குடிச்சிட்டிருக்கா."

"சரி, நிழல்ல உக்கார வை," என்றார்.

ஆனால் அவள் அழுதாள். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, சூரமங்கலம் வரும்வரை அழுதுகொண்டே வந்தாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு நேரத்தில்தான் அவர் இல்லாதது பெரிதாகத் தெரிந்தது.

கைத்தடியோடு அவர் மைதானத்துக்குத் திரும்பிய பிறகு, எண்ணூறு மீட்டர் ஓடிய அந்தப் பழைய மாணவியின் போன் நம்பரை யார் யாரிடமோ கேட்டு வாங்கினார். ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினார். அன்று அப்படிச் சொன்னது தப்பு, காரணம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "அதெல்லாம் எப்பவோ நடந்ததுங்க சார்," என்றாள். கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். மன்னித்தாளா இல்லையா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காக மறுபடியும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனோம்.

ஆயிரத்து ஐந்நூறு ஓடிய எங்கள் பெண் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை இருப்பதால் வாரத்தில் மூன்று நாள்தான் ஓட வருகிறாள். செவ்வாயும் சனியும் நானும் போகிறேன். வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. பெண்கள் வந்து ஏதாவது பேசுவார்கள், சில நாள் எதுவுமே பேசமாட்டார்கள். காது குத்திய நாளின் வருத்தம் எனக்குள் இன்னும் இருக்கிறது. போகும் என்றும் தோன்றவில்லை. மற்ற நாட்களில் அவர் சத்தமில்லாமல் எழுந்து, அவரே முட்டைகளை வேகவைத்து எடுத்துக்கொண்டு போகிறார். நான் ஆறரை மணிவரை நன்றாகத் தூங்குகிறேன்.